பாதியில் கரையும் அசாநோஹா: குமிகோ சுவர்விளக்கு, அளவுகளோடு ஒரு செய்முறைப் பதிவு

குமிகோ என்னும் ஜப்பானிய மரப்பட்டிப் பின்னலைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, ஆணி இல்லாமல் இது எப்படி நிற்கிறது என்பதுதான். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த கட்டம் இடப்பக்கம் தள்ளும். சட்டத்தின் ஓரம் வரை பின்னல் நிரம்பியிருந்தால் கணக்கு சரியாகிவிடும். இன்றைய வடிவமைப்பில் ஆசைப்படுவதோ வேறு: மேலே அடர்த்தி, கீழே போகப் போக வெறும் கட்டம், பின்னால் வெளிச்சம். வரைபடத்தில் அழகாக வரும் இந்த மாற்றம், மரத்தில் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். அதை எங்கே, எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

செய்யப்போவது ஒரு சுவர்விளக்கு. முகப்பில் 4 கட்டம் அகலம், 6 கட்டம் உயரம். கட்டத்துக்குக் கட்டம் மையத்திலிருந்து மையம் 50 மி.மீ. பட்டிகளின் தடிமன் 3 மி.மீ., ஆழம் 12 மி.மீ. ஆக முகப்பின் மொத்த அளவு 203 × 303 மி.மீ. 24 கட்டங்களில் 15-ல் மட்டும் சதுர அசாநோஹா, அதாவது சணல் இலை வடிவம்: மேல் மூன்று வரிசை முழுக்க, நான்காவது வரிசையில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று. கடைசி வரிசை காலி. பின்னால் வாஷி என்னும் ஜப்பானியக் காகிதம், 60 மி.மீ. ஆழப் பெட்டி, எல்.இ.டி. பட்டை.

முழுப் பின்னல் இன்றைய இடத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் க்யூஷூவில் 2013 அக்டோபரில் ஓடத் தொடங்கிய ‘செவன் ஸ்டார்ஸ்’ ரயிலின் படங்களைப் பார்க்கலாம். வடிவமைப்பாளர் மிதோகா எய்ஜி. உள்ளே இருக்கும் குமிகோ வேலை ஃபுகுவோகா மாகாணத்தின் ஓகாவா ஊர்த் தச்சர்களுடையது. அங்கே பின்னல் பெரும்பாலும் சட்டம் நிறையவே போகிறது. எதையும் பாதியில் விடாததால் நெருக்கத்தைப் பற்றிய கவலையும் அங்கே குறைவு.

மரம்

ஜப்பானில் முதல் தேர்வு ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ். கீசோ பள்ளத்தாக்கின் ஹினோகி மெதுவாக வளர்ந்தது. வளையங்கள் நெருக்கமாக இருக்கும், நார் நேராக ஓடும். சுகி, ஹிபா மரங்கள் இரண்டும் நடக்கும். ஜப்பானுக்கு வெளியே பலர் பாஸ்வுட் எடுக்கிறார்கள். எதுவானாலும் கணு இருக்கக் கூடாது, நார் பட்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும். நார் சாய்ந்து ஓடும் பட்டி, காடி (குறுக்கே வரும் பட்டி அமரும் வெட்டுப்பள்ளம்) வெட்டிய இடத்தில் ‘டக்’ என்று முறியும்.

தேக்கில் செய்யலாமா என்று நம் பக்கம் கேட்பார்கள். முடியும், ஆனால் சிபாரிசு செய்ய மாட்டேன். தேக்கில் உள்ள சிலிக்கா உளியின் முனையைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். அதைவிட முக்கியம், மென்மரத்தின் கூர்முனை மூலைக்குள் போகும்போது இம்மியளவு அமுங்கி இடைவெளியை மூடிக்கொள்ளும். கடினமரம் அமுங்காது, 0.1 மி.மீ. பிழை அப்படியே வெளியில் தெரியும்.

335 மி.மீ. நீளத்தில் 30 பட்டிகள் அறுத்துக்கொண்டால் போதும், முறிவதற்கும் சோதனைக்கும் சேர்த்து. கட்டச் சட்டம் முழுவதற்கும் 5 நெடும்பட்டி, 7 குறும்பட்டி. குறும்பட்டியை 235 மி.மீ.க்கு வெட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒவ்வொரு முனையிலும் 16 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறது. கடைசிக் காடி முனைக்கு மிக அருகில் வந்தால் பிளந்துவிடும் என்பதற்காக அந்தக் கொம்பு. பசை காய்ந்த பிறகு நறுக்கிவிடலாம். மீதிப் பட்டிகள் எல்லாம் கட்டங்களுக்குள் அசாநோஹாவைப் பின்னும் நிரப்புத் துண்டுகளுக்கு. அவற்றின் ஆழத்தை மட்டும் 11.5 மி.மீ.க்கு இழைக்க வேண்டும். காரணம் காகிதம் ஒட்டும்போது தெரியும்.

காடி முதலில், தடிமன் பிறகு

பெரும்பாலானோர் பட்டியைச் சரியாக 3.00 மி.மீ.க்கு இழைத்துவிட்டு அதற்கேற்பக் காடி வெட்டத் தேடுவார்கள். தலைகீழாகச் செய்தால் வேலை பாதியாகும். மேசை ரம்பத்தின் தகடு எவ்வளவு அகலம் வெட்டுகிறது என்பது நம் கையில் இல்லை. பட்டியின் தடிமன் நம் கையில் இருக்கிறது. ஆகவே தட்டைப் பல் தகடு போட்டு ஒரு கழிவுத் துண்டில் காடி வெட்டி, அதற்குள் பெருவிரல் அழுத்தத்தில் போகிற அளவுக்குப் பட்டியை இழைக்க வேண்டும். சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம். தன்னால் விழுந்தால் அந்தப் பட்டி நிரப்புத் துண்டுக்கு.

இழைக்க, ஒரு பலகையில் காடியின் அகலத்துக்குச் சமமான உயரத்தில் இரண்டு கடின மரத் தண்டவாளங்களை ஒட்டி, நடுவில் பட்டியை வைத்து, இழைப்புளி தண்டவாளத்தில் உட்காரும் வரை இழுத்தால் போதும். ஒவ்வொரு பட்டியிலும் மூன்று இடத்தில் வெர்னியர் வைத்துப் பார்த்து, 0.03 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் மறுபடி இழைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம். அது விளிம்பை உருட்டிவிடும். உருண்ட விளிம்பில் விளக்கொளி பட்டால் இணைப்பு இருந்தும் இடைவெளி போலத் தெரியும்.

பட்டிகளை அடுக்கி மாஸ்கிங் டேப் சுற்றி, ஒரே கட்டாகக் காடி வெட்ட வேண்டும். ஆழம் 6 மி.மீ., அதாவது பாதிக்குப் பாதி. நகர்த்தும் பலகையில் 50 மி.மீ. தள்ளி ஒரு முளை வைத்து, முந்தைய காடியை அந்த முளையில் மாட்டி அடுத்ததை வெட்டுவது வழக்கமான ஜிக் (இடைவெளி மாறாமல் காக்கும் அமைப்பு). முளை 50.1-ல் இருந்தால்? கவலை இல்லை. நெடும்பட்டியும் குறும்பட்டியும் அதே ஜிக்கில் வெட்டப்படுவதால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி 50.1 ஆகும், சதுரம் சதுரமாகவே இருக்கும். ஆபத்து, கட்டு லேசாக ஆடி ஒன்று 49.9, அடுத்தது 50.2 என்று வருவதில். அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகத் துண்டு செதுக்க வேண்டிவரும்.

ஓரிரு காடி மட்டும் இறுகினால் ஜப்பானியத் தச்சர்கள் செய்யும் ‘கிகொரோஷி’ கைகொடுக்கும். இணைப்பு விழும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டி நாரை அமுக்கிவிட்டு மாட்டுவது. ஈரம் பட்டதும் மரம் உப்பி இறுகும். 3 மி.மீ. பட்டிக்குச் சுத்தியல் அதிகம், வழவழப்பான தட்டைக் குறடு போதும். மாட்டிய பிறகு ஈரத் தூரிகையால் ஒரு தொடல்.

கட்டச் சட்டத்தை மட்டும் சந்திப்புகளில் ஊசிமுனையளவு மரப்பசை வைத்துச் சேர்க்கலாம். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்த்து, 0.3 மி.மீ.க்குள் ஒத்துப்போகும்படி தள்ளிவிட்டுக் காயவைக்க வேண்டும்.

நிரப்புத் துண்டுகள்

ஒரு கட்டத்துக்கு ஐந்து துண்டு: மூலையிலிருந்து மூலைக்கு ஒரு குறுக்குத் துண்டு, அதன் இரு பக்கமும் நடுவில் மடங்கும் ஒவ்வொரு மடிப்புத் துண்டு, ஒவ்வொரு மடிப்பையும் எதிர் மூலையிலிருந்து பூட்டும் ஒவ்வொரு சாவி. 15 கட்டத்துக்கு 15 குறுக்கு, 30 மடிப்பு, 30 சாவி. மொத்தம் 75.

முனைகளைச் சீவ இரண்டு வழிக்கட்டைகள் வேண்டும். கடின மரக் கட்டை, ஏறக்குறைய 250 × 45 × 40 மி.மீ.; மேல்முகத்தில் 11.7 மி.மீ. அகலக் காடி, பட்டி படுத்த நிலையில் அதில் உட்காரும். ஒரு கட்டையின் முனை 45°, இன்னொன்றின் முனை 22.5°. இந்தக் கோணங்கள் பட்டியின் நீளவாட்டத்திலிருந்து அளப்பவை. உளியின் தட்டை முதுகை அந்தச் சரிவில் படியவைத்துச் சீவ வேண்டும். பட்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவினால் முனை நடுக்கோட்டில் வரும். நீளத்தைப் பிடிக்க, காடிக்குள் நகர்ந்து திருகில் நிற்கும் ஒரு தடை. உளி 30 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் ஒரே வீச்சில் வெட்டு முடியும். முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் கட்டைகளும் கோணம் சரியாகத் தரும். ஆனால் உளி சரிவையே சீவிவிடும் என்பதால் முகத்தில் கடின மரத் தகடு ஒட்டாமல் பயன்படுத்த வேண்டாம்.

அளவுகள் இவை. கட்டத்தின் உள்வாய் 47 மி.மீ. என்றால் குறுக்குத் துண்டு முனைக்கு முனை 66.5, இரு முனையும் 45°. உங்கள் காடி 3.2 ஆகி உள்வாய் 46.8 வந்திருந்தால் அதை 1.414-ஆல் பெருக்கினால் குறுக்கின் நீளம் கிடைக்கும். மடிப்புத் துண்டு விரித்த நிலையில் 67.5, இரு முனையும் 22.5°. சாவி ஏறக்குறைய 20. மூலைக்குப் போகும் முனை 45°, மடிப்புக்குள் போகும் முனை 22.5°. குறுக்குக்கும் மடிப்புக்கும் வித்தியாசம் 1 மி.மீ. மட்டுமே என்பதைக் கவனியுங்கள். முனை சீவும் முன்பே இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுவிடுவது நல்லது.

இந்த மூன்றில் உயிர்நாடி மடிப்புத் துண்டுதான். அதன் சரிவு படுத்தாற்போல் இருப்பதால் நீளத்தில் வரும் பிழை உச்சியில் பெருகும். 67.5-க்குப் பதில் 67.7 ஆகிவிட்டால், இரண்டு கைகளும் 0.1 மி.மீ. மட்டுமே கூட, உச்சி சுமார் 0.26 மி.மீ. மேலே ஏறிவிடும். சாவியைச் சீவிக் குறைத்துப் பூட்டிவிடலாம், பூட்டும். ஆனால் அடுத்த கட்டத்து உச்சியோடு வரிசை தப்பும், தள்ளி நின்று பார்த்தால் இலை சாய்ந்தது போலத் தோன்றும். குறுக்கை 0.1 பார்த்துச் சீவினால், மடிப்பை 0.05 பார்த்துச் சீவ வேண்டும். தடையை ஒருமுறை பூட்டிவிட்டால் 30 துண்டும் முடியும்வரை திருகைத் தொடக் கூடாது.

மடிப்பின் நடுவில் மெல்லிய தொசுகி ரம்பத்தால் குறுக்காக வெட்டி, அடியில் 0.3 மி.மீ. தோல் மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். ரம்பம் அதற்கு மேல் இறங்காதபடி இரு பக்கமும் தடைக்கட்டை வைத்துக்கொள்ளலாம். தோல் பக்கம் ஒரு சொட்டு நீர் தடவி அரை நிமிடம் விட்டு, வெட்டு வாய் விரியும்படி மடக்கினால் முறியாமல் வளையும். வாய் 45° விரியும், சாவியின் 22.5° முனை இரு பக்கமும் சேர்ந்து அதே 45°, அப்படியே உள்ளே அமரும். தோல் அறுந்துபோனாலும் துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், சாவி பூட்டிய பிறகு தோலுக்கு வேலையே இல்லை. பொருத்தும்போது மூன்றாவது கை தேவைப்படும், அதுதான் தொந்தரவு.

லேசரில் மொத்தமாக வெட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரே பலகையிலிருந்து வெட்டும்போது நார் ஒரே திசையில்தான் ஓடும். அதற்குக் குறுக்கே போகும் 3 மி.மீ. கைகள் எல்லாம் குறுநாராகி, காகிதம் ஒட்டும் அழுத்தத்திலேயே உடையும். விளிம்பு கருகுவது வேறு. குமிகோவில் ஒவ்வொரு கையிலும் நார் அந்தக் கையின் போக்கிலேயே ஓடுகிறது. மெல்லிய பட்டி இத்தனை காலம் தாங்குவது அதனால்தான்.

காலிக் கட்டங்கள்

பொருத்தும் வரிசை: குறுக்கு, மடிப்பு இரண்டு, சாவி இரண்டு. முகப்பைக் கீழே பார்க்கவைத்து, சமதளமான பலகையில் பின்பக்கமிருந்து நுழைக்க வேண்டும். முகப்பு தானாக ஒரே மட்டத்தில் வரும், 11.5 ஆழத் துண்டுகள் பின்னால் அரை மி.மீ. உள்வாங்கி நிற்கும். குறுக்கின் திசை கட்டத்துக்குக் கட்டம் மாற வேண்டும். பென்சிலால் பலகையிலேயே குறித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

மேல் இரண்டு வரிசையில் எந்தப் பிரச்சினையும் வராது. மூன்றாவது வரிசை முடியும்போது, அதற்கும் நான்காவது வரிசைக்கும் இடையிலான கோட்டில் எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். சந்திப்புக்குச் சந்திப்பு கீழ்நோக்கித் தள்ளப்பட்டு நெளிந்திருக்கும். மேலேயிருந்து குறுக்கின் முனைகளும் மடிப்பின் கூர்முனைகளும் மூலைகளைத் தள்ளுகின்றன, கீழே எதிர்த்துத் தள்ள ஆள் இல்லை. 0.3 மி.மீ. நெளிந்தாலே போதும், பின்னால் விளக்கெரிந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

இதற்கு, காலியாக விடப்போகும் 9 கட்டங்களிலும் முன்கூட்டியே எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) சதுரத் துண்டுகளை அடைத்துவிட வேண்டும். அளவு சரியாக உள்வாய்க்குச் சமம், விரலால் தள்ளினால் போகவேண்டும். பக்கத்தில் காலி இருக்கிற நிரப்புக் கட்டங்களில் குறுக்கையும் சாவியையும் மற்றவற்றைவிட 0.1 மி.மீ. கூடுதலாகச் சீவிக் குட்டையாக்கி, நெருக்கத்துக்குப் பதில் முனையில் ஒரு துளி பசை. மடிப்பின் நீளத்தைத் தொடக் கூடாது. தொட்டால் உச்சி இறங்கும்.

பசை காய்ந்ததும் எம்.டி.எஃப். துண்டுகளை விரலால் தள்ளி எடுக்கவும். எளிதாக வந்தால் சரி. ஏதாவது ஒன்று இறுகிக்கொண்டு வர மறுத்தால், அந்தத் துண்டு நெருக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பலவந்தமாக எடுத்தால் கோடு உடனே நெளியும். அதன் பக்கத்துக் கட்டத்துச் சாவிகளை வெளியே எடுத்து, ஒரு சீவல் எடுத்துவிட்டு, மறுபடி போட வேண்டும். சாவிதான் கடைசியாக நுழைந்தது, முதலில் வெளியே வருவதும் அதுதான்.

இந்த இடத்தில் கட்டடக் கலைஞர் கூமா கெங்கோவின் ஒரு கட்டடம் நினைவுக்கு வரும். அய்ச்சி மாகாணம் காசுகாயில் 2010-ல் முடிந்த ஜி.சி. ப்ரோஸ்தோ அருங்காட்சியகம், ஹிதா தகயாமாவின் ‘சிதோரி’ என்ற மரப் பூட்டு விளையாட்டுப் பொருளைப் பெரிதாக்கி, 60 மி.மீ. சதுரக் கழிகளால் கட்டியது. அங்கே கழிகளின் பின்னலே கட்டடத்தைத் தாங்குகிறது. ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளும்போது அதன் விசைக் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தோற்றத்தை மட்டும் எடுத்துச் சுவரில் ஒட்டுகிற உணவகத் தட்டிகளைவிட அது எனக்கு நியாயமாகப் படுகிறது.

காகிதமும் விளக்கும்

காகிதம் ஒட்டுமுன் இருட்டில் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்து ஒவ்வொரு சந்திப்பையும் பார்த்துவிடுவது நல்லது. பகலில் தெரியாத 0.1 மி.மீ. இடைவெளி இப்போது வெள்ளைக் கோடாகத் தெரியும். பழைய ஷோஜியில் (காகிதம் ஒட்டிய மரச்சட்டக் கதவு) வெளிச்சம் சன்னலிலிருந்து பரவலாக வந்தது, சிறு குறைகள் மறைந்தன. பெட்டி விளக்கு எதையும் மறைக்காது.

கிஃபு மாகாணத்து மினோ காகிதம் நல்ல தேர்வு. அதற்குப் பயன்படும் கோசோ (காகித மல்பெரி) நார் நீளமானது, மெல்லியதாக இருந்தும் கிழியாது. செகிஷூபான்ஷி காகிதக் கைத்தொழில் 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2014-ல் மினோவின் ஹொன்மினோஷியும் ஹொசோகாவாஷியும் அதனோடு சேர்ந்தன. சிற்பி இசாமு நொகுச்சி 1951-ல் கிஃபுவில் தொடங்கிய ‘அகாரி’ விளக்குகளும் அந்த வட்டாரக் காகிதத் தொழிலை நம்பியவைதான். காகிதத்தில் நார் திட்டுத் திட்டாகத் தெரிகிற வகை வேண்டாம், பின்னலோடு போட்டி போடும்.

பசை கோதுமை ஸ்டார்ச். ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்டிக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடித்து, மோர்ப் பதத்துக்கு நீர்க்க வேண்டும். கட்டப் பட்டிகளின் பின்விளிம்பில் மட்டும் தடவ வேண்டும். நிரப்புத் துண்டுகள் அரை மி.மீ. உள்ளே இருப்பதால் காகிதம் அவற்றில் படாது, ஈரத்தில் அங்கே புடைக்கவும் புடைக்காது. பசை முழுக்கக் காய்ந்த பிறகு தெளிப்பானால் பனி போட்ட அளவுக்கு நீர் தெளித்தால், காயும்போது காகிதம் தானே இழுத்து விறைக்கும். அவசரப்பட்டு ஈரப்பசையில் தெளித்தால் ஓரம் விட்டுவரும்.

பெட்டியின் உள்சுவர் நான்கிலும், பின்பலகையிலிருந்து 15 மி.மீ. தள்ளி, அலுமினியக் காடியில் 24 வோல்ட் சி.ஓ.பி. பட்டை (புள்ளி தெரியாமல் ஒரே கோடாக எரியும் எல்.இ.டி.): சுமார் 1 மீட்டர், மீட்டருக்கு 8 வாட், 2700 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல். பின்பலகைக்கு மங்கிய வெள்ளை வண்ணம். வெளிச்சம் பலகையில் பட்டுத் திரும்பிக் காகிதத்துக்கு வரும். பட்டையைக் காகிதத்துக்குப் பக்கமாக ஏற்றினால் ஓரம் எரிந்து நடு இருளும். காலிக் கட்டங்கள் கீழே இருப்பதால் அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். தனித்தனிப் புள்ளியாக எரியும் பழைய வகைப் பட்டை என்றால் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைவிடக் காகிதம் தள்ளி இருக்க வேண்டும்.

அடாப்டர் பெட்டிக்கு வெளியே, 15 வாட்டுக்குக் குறையாமல். ஜப்பானில் வாங்குவதானால் பி.எஸ்.இ. என்னும் மின்பாதுகாப்பு முத்திரை பார்த்து. மேலும் கீழும் நாலு நாலு 6 மி.மீ. துளை காற்றுக்கு. மேல் துளை வழியாகச் சுவரில் வெளிச்சப் பொட்டு விழும், உள்ளே ஒரு மறைப்புத் தகடு சாய்வாக வைத்தால் போதும்.

முகப்பைப் பெட்டியில் ஒட்ட வேண்டாம். 204 × 304 மி.மீ. பள்ளத்தில் உட்காரவைத்து, பின்னால் நான்கு சிறு திருகுத் தகடுகளால் பிடித்தால் கழற்றலாம். காகிதம் பழுத்ததும் ஈரப் பஞ்சால் பின்விளிம்பை ஒற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ச் இளகி முழுத் தாளும் உரிந்து வரும். வெள்ளை மரப்பசையால் ஒட்டியிருந்தால் வராது. சுரண்ட வேண்டும், சுரண்டினால் 3 மி.மீ. பட்டி தாங்காது.